ஹைஸ்கூல் ஃபுட்பால் கோச் காலமாகிவிட்டார்: வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் எப்படி அஞ்சலி செலுத்துவது?

பூஸ்டர்அப்பா கேட்டது:
அமெரிக்க ஹைஸ்கூல் ஃபுட்பால் நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் ஹெட் கோச் சீசன் நடுவில் காலமாகிவிட்டார். களத்தில் இறங்காத பையன்களுக்கும் அவர்தான் எல்லாம். அடுத்த வெள்ளி ஹோம் கேம். ஹெல்மெட் ஸ்டிக்கர், மௌன அஞ்சலி, முதல் ப்ளேயில் (முதல் ஆட்ட நகர்வில்) 11 பேருக்குப் பதில் 10 பேரோடு நிற்பது, அவர் பெயரில் ஸ்காலர்ஷிப் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எதில் என்ன சிக்கல் வரும்?

நாலாவதுடவுன்:
10 பேரோடு நிற்பது இறந்துபோன வீரருக்குப் பொருந்தும். அவர் நின்ற இடம் காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியும். கோச் நின்றது சைட்லைனில், அதாவது களத்தின் ஓரக் கோட்டுக்கு வெளியே. களத்தில் ஒருவர் குறைந்தால் யாருக்காக என்றே ஸ்டாண்டில் புரியாது. டிஃபென்ஸில் (எதிரணியைத் தடுக்கும்போது) செய்தால் ஆட்டத்திலும் நஷ்டம் வரும்: 2007 டிசம்பரில், இறந்துபோன தன் வீரர் ஷான் டெய்லருக்காக வாஷிங்டன் NFL அணி 10 பேரோடு நின்றபோது, எதிரணி பஃபலோ அந்த ஒரே ப்ளேயில் 22 யார்டு ஓடியது.

கோச்சுக்கு என்றால் மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழக அணி செய்ததைப் பாருங்கள். அவர்களுடைய ஹெட் கோச் மைக் லீச் 2022 டிசம்பரில் காலமானார். 2023 ஜனவரி 2 அன்று இல்லினாயுடன் நடந்த பௌல் ஆட்டத்தில் (சீசன் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டம்), முதல் ப்ளேக்கு அவர் பெயர் பெற்ற, பாஸ்களை நம்பும் ஏர் ரெய்ட் பாணியின் ஃபார்மேஷனில் (வீரர்கள் நிற்கும் அமைப்பில்) வந்து நின்றார்கள். பந்தை ஸ்னாப் செய்யவில்லை, அதாவது பின்னால் கொடுத்து ப்ளேயைத் தொடங்கவில்லை. ப்ளேயைத் தொடங்கத் தரும் நேரம் தீர்ந்து, டிலே ஆஃப் கேம் (தாமதம்) பெனால்டிக்கான கொடி விழுந்தது. இல்லினாய் பெனால்டியை வேண்டாம் என்று விட்டுவிட்டது. உங்கள் கோச் வழக்கமாக எந்த ஃபார்மேஷனில் ஆட்டத்தைத் தொடங்குவாரோ, அதில் நில்லுங்கள்.

ஹைஸ்கூலில் இதற்கு 5 யார்டு பெனால்டி. எதிரணி கோச்சுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே போன் செய்யுங்கள், பெரும்பாலும் டிக்ளைன் செய்துவிடுவார்கள். ஆட்டத்துக்கு முன் ரெஃப்ரி கோச்சைப் பார்க்க வருவாரல்லவா, அப்போது அவரிடமும் சொல்லிவிடுங்கள். கெடுவது பெரும்பாலும் சென்டரால்தான் (பந்தை ஸ்னாப் செய்யும் வீரர்): பழக்கதோஷத்தில் ஸ்னாப் செய்துவிடுவான். வியாழன் பயிற்சியில் ஒருமுறை, ப்ளே தொடங்கத் தரும் 25 வினாடியும் நிற்க வையுங்கள். மைக்கில் முன்கூட்டியே ஒரு வரி சொல்லாவிட்டால், பையன்கள் ப்ளே மறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஸ்டாண்டில் கத்தத் தொடங்குவார்கள்.

உபகரண அறை:
ஸ்டிக்கர் பற்றி. சாதாரண வினைல் இரண்டாவது மோதலிலேயே கிழிந்துவிடும். ஹெல்மெட்டுக்கென்றே வரும் 20 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் வினைல் கேளுங்கள். ஒன்றரை அங்குல வட்டத்தைத் தாண்ட வேண்டாம். ஹெல்மெட் வளைவில் பெரிய ஸ்டிக்கர் சுருங்கி ஓரம் தூக்கும், தூக்கிய ஓரத்தைப் பையன்கள் நகத்தால் பிய்ப்பார்கள். முதலெழுத்து மட்டும் போட்டால் தூரத்திலிருந்தும் படிக்கலாம். முகத்தை அச்சடித்தால் 20 அடியில் வெறும் கறுப்புப் பொட்டு.

மென்மையான சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து ஒட்டுங்கள். தின்னர், அசிட்டோன் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது, ஹெல்மெட் ஓடு பலவீனமாகும். பெயின்ட்டும் அப்படித்தான். எச்சரிக்கை லேபிள், நாக்சே (NOCSAE) பாதுகாப்புத் தர முத்திரை, காற்றுத் துளை எதையும் மறைக்கக் கூடாது.

ஜெர்சியில் நினைவு பேட்ச் வேண்டுமானால் 4 சதுர அங்குலத்துக்குள் இருக்கணும், மாநில ஹைஸ்கூல் விளையாட்டு அசோசியேஷனின் அனுமதியும் வேண்டும். ஒரு வாரத்துக்குள் அது வருவது சந்தேகம், அதனால் இந்த ஆட்டத்துக்கு ஸ்டிக்கரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பூஸ்டர்அப்பா:
நன்றி. மௌன அஞ்சலியை ஹாஃப்டைமில் வைக்கலாமா?

நாலாவதுடவுன்:
வேண்டாம். ஹாஃப்டைம் 15 நிமிடம், பேண்டுக்கே சரியாக இருக்கும்; பாதிக் கூட்டம் ஸ்நாக்ஸ் வரிசையில் நிற்கும். அணி நேரத்துக்குத் திரும்பாவிட்டால் 15 யார்டு பெனால்டி வேறு. தேசிய கீதத்துக்கு முன்னால் வையுங்கள். 30 வினாடி போதும், ஒரு நிமிடம் என்றால் பாதியில் யாராவது கைதட்டிவிடுவார்கள். பேண்ட் டைரக்டருக்கும் மைக்காரருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள்: எப்போது இசை நிற்கணும், எந்த வார்த்தைக்குப் பிறகு தொடங்கணும் என்று. கோச்சின் பெயர் உச்சரிப்பைக் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதிக் கொடுங்கள். அவர்கள் களத்துக்கு வர விரும்புகிறார்களா என்பதையும் கேளுங்கள். நடுக்களத்தில் ஆயிரம் பேர் முன்னால் நிற்க எல்லோராலும் முடியாது.

கணக்குப்பிள்ளை:
ஸ்காலர்ஷிப்புக்கு அவசரம் வேண்டாம், ஆனால் பணம் எந்தக் கணக்குக்குப் போகும் என்பதை வெள்ளிக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். உண்டியலை நீட்டிய பிறகு யோசித்தால் சண்டைதான் வரும். குடும்பச் செலவுக்கான வசூலும் ஸ்காலர்ஷிப்பும் தனித்தனியாக இருக்கட்டும். தனிநபர் குடும்பத்துக்குக் கொடுப்பதற்கு வரிவிலக்கு கிடையாது. 501(சி)(3) என்ற வரிச் சட்டப் பிரிவில் வரும் அறக்கட்டளை அமைப்புக்குக் கொடுத்தால் உண்டு; 250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்களுக்கு எழுத்துபூர்வ ரசீது அவசியம். உங்கள் பூஸ்டர் கிளப்புக்கு (அணிக்கு நிதி திரட்டும் பெற்றோர் சங்கம்) அந்தத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஊர் கம்யூனிட்டி ஃபவுண்டேஷனை (உள்ளூர் நன்கொடை நிதிகளை நிர்வகிக்கும் அறக்கட்டளை) அணுகுங்கள்.

அசல் தொகையைத் தொடாமல் ஆண்டுக்கு 4 சதவீதம் எடுப்பதானால், 1,000 டாலர் பரிசுக்கு 25,000 டாலர் அசல் வேண்டும். அவ்வளவு சேராது என்று தெரிந்தால் ஐந்து வருடத் திட்டம் என்று வெளிப்படையாகவே அறிவியுங்கள். பிறகு தானாக நின்றுபோனால் குடும்பத்துக்குத்தான் மனக்கஷ்டம்.

தேர்வுக் குழுவில் நன்கொடையாளர்கள் பெரும்பான்மையாக இருக்கக் கூடாது. இன்னொன்று: வெளி ஸ்காலர்ஷிப் வந்தால் சில கல்லூரிகள் தங்கள் உதவித்தொகையைக் குறைத்துவிடும். செக் அனுப்பும் முன் ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்தைக் கேட்டு, முதலில் கடன் பகுதியைக் குறைக்கச் சொல்லும்படி மாணவரிடம் சொல்லுங்கள்.