மெத்தென்று போனால் நல்ல வண்டியா? பழைய பெரிய செடான் பார்க்கப் போன கதைகள்

போன வாரம் ஒரு பெரிய செடானை ஓட்டிப் பார்த்தேன். 11 வருடப் பழசு, ஒரே ஓனர், மீட்டரில் 96,000 கிமீ. கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் மொத்தமும் அடங்கிப்போனது. ஓனர் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிசாகப் பாட்டுப் போட்டுவிட்டார். ஏசி ஜில்லென்று வந்தது. 20 நிமிடம் ஓட்டினேன், பள்ளம் மேடு எதுவும் உறைக்கவில்லை. தொட்டிலில் போட்டு ஆட்டுகிற மாதிரி இருந்தது. இறங்கும்போது கை தானாகவே சட்டைப்பைக்குப் போய்விட்டது.

நண்பன் தன் காரில் எங்களுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். இறங்கியதும் அவன் கேட்டது: "ஒவ்வொரு வேகத்தடையிலயும் பின்பக்கம் மூணு தடவ ஆடி ஆடி நின்னுச்சே, உனக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. சுகம் என்று நான் நினைத்ததே அந்த ஆட்டத்தைத்தான்! ஷாக் அப்சார்பர், அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக், நன்றாக இருந்தால் வண்டி ஒருமுறை எழுந்து, அமர்ந்து, அதோடு நிற்க வேண்டும். ஷாக் போய்விட்டால் ஸ்பிரிங் தன் இஷ்டத்துக்கு ஆடும். சின்னக் காராக இருந்தால் அப்போதே முகம் சுளித்திருப்பேன். பெரிய சீட்டும், முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவே உள்ள நீள இடைவெளியும் சேர்ந்து அந்தக் கோளாறைத் தாலாட்டாக மாற்றிவிட்டன.

அட்வான்ஸ் கொடுக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்த மாதிரி வண்டிகள் நம்மை எங்கெங்கே ஏமாற்றும்? பார்த்து அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

* * *

முதலில் எழுதிய நண்பருக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது, நான் காசு கொடுத்த பிறகு. அதற்கப்புறம் நான் வைத்துக்கொண்ட வழக்கம்: முதல் பத்து நிமிடம் பாட்டு, ஏசி, ஃபேன் எல்லாம் அணைத்து, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, ஒரு நீளமான சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டுவது. வீல் பேரிங் உறுமல், பிரேக் பேட் உரசல், வீலைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கொடுக்கும் "டொக்", எல்லாம் சுவரில் பட்டுக் காதுக்குத் திரும்பி வரும். கண்ணாடியை ஏற்றினால் அத்தனையும் காணாமல் போகும். பெரிய செடானைக் கட்டியவர்களின் வேலையே அதுதானே. சாலையின் சத்தத்தைத் தடுக்கப் போட்ட ரப்பரும் பஞ்சும் வண்டியின் முனகலையும் சேர்த்தே அமுக்கிவிடும்.

இன்னொன்று, கண்ணாடியைப் படியுங்கள். 1991-இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ140-இல் பக்கக் கண்ணாடிகளே இரட்டை அடுக்கு. இப்போது பல பெரிய செடான்களில் நடுவே மெல்லிய படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி வருகிறது. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் சின்ன எழுத்தில் தயாரிப்பாளர் பெயரும் வகையும், பெரும்பாலும் தயாரித்த காலத்துக்கான குறியும் இருக்கும். நான் பார்த்த ஒரு வண்டியில் மூன்று கதவில் ஒரே குறி, நாலாவதில் வேறு. அந்தக் கதவுப் பக்கம் மட்டும் காற்றுச் சத்தம் வந்தது. "கல் பட்டுச்சு சார், மாத்தினோம்" என்றார். இருக்கலாம் என்று பெயிண்டின் தடிமனை அளக்கும் மீட்டரை வைத்தேன். மற்றக் கதவுகளில் 110, 120 மைக்ரான். அந்தக் கதவில் 340, அதற்குப் பின்னால், பின் வீலுக்கு மேலிருக்கும் குவார்ட்டர் பேனலில் 900-க்கு மேல். 900 என்றால் பெயிண்ட் மட்டுமில்லை, அடியில் பட்டி வைத்து இழைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கல் எவ்வளவு பெரிசு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

(பட்டியைக் கண்டுபிடிக்கக் காந்தம் போதுமே என்று சிலர் சொல்வார்கள். பானெட், டிக்கி, கதவு என்று பலவற்றை அலுமினியத்தில் செய்கிற ரகம் இது. காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக பட்டி என்று முடிவுகட்டிச் சண்டை போடாதீர்கள். மீட்டரும் அலுமினியத்தை அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.)

* * *

என்னிடம் ஒருவர் ஓடுகிற எஞ்சின் மேல் நாணயத்தைக் குத்திட்டு நிறுத்திக் காட்டினார். 1989-இல் லெக்சஸ் எல்எஸ் 400 வந்தபோது பானெட் மேல் ஷாம்பெயின் கிளாஸ்களை அடுக்கி விளம்பரம் எடுத்தார்களே, அந்த வழியில் வந்த வித்தை. கைதட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். பிரேக்கை மிதித்தபடி கியரை டி-யில் (டிரைவ்) போட்டால் ஸ்டியரிங்கும் சீட்டும் நடுங்குகின்றன. நாணயம் எஞ்சினுக்குத்தான் சர்டிஃபிகேட் கொடுக்கும், எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்குக்கு இல்லை. ரப்பருக்குள் திரவம் அடைத்த மவுண்டிங் இது, திரவம் ஒழுகிவிட்டால் எஞ்சினின் நடுக்கம் நேராக பாடிக்கு வந்துவிடும்.

* * *

நீங்கள் எல்லோரும் ஓட்டிப் பார்த்ததையே எழுதுகிறீர்கள். நான் அப்பாவுக்காக வண்டி தேடினேன். அவருக்கு முதுகுவலி, ஓட்டப்போவதில்லை, பின்னால்தான் உட்காருவார். அதனால் ஓனரையே ஓட்டச் சொல்லிவிட்டு நானும் அப்பாவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டோம். இதைவிட நல்ல சோதனை இல்லை என்று இன்றும் சொல்வேன். ஒன்று, ஓனர் தன் வண்டியை எப்படி ஓட்டுகிறார், எந்தப் பள்ளத்தைப் பார்த்து ஒதுங்குகிறார் என்பது தெரியும். அந்த மனிதர் ஒவ்வொரு தடையிலும் வண்டியைக் குறுக்கே திருப்பித்தான் ஏற்றினார்! இரண்டு, பின்னாலிருந்து வரும் சத்தம் முன்சீட்டில் கேட்பதே இல்லை.

அப்பா பத்து நிமிடம் பேசாமல் வந்தார். பிறகு, "கல்லு மாதிரி இருக்கும்மா" என்றார். எனக்கு நம்ப முடியவில்லை, அந்த மாடலுக்கு நல்ல பெயர். இறங்கிப் பார்த்தால் தொழிற்சாலையிலிருந்து வந்த 17 இன்ச் வீலைக் கழற்றிவிட்டு 20 இன்ச் போட்டிருந்தார்கள். டயரின் பக்கச்சுவர் இரண்டு விரல் உயரம்தான் இருந்தது. பள்ளத்தை முதலில் வாங்குவது அந்தச் சுவரில் அடைபட்ட காற்றுதான், அதைக் குறைத்துவிட்டு சஸ்பென்ஷனைக் குறை சொல்லிப் பயனில்லை. சில வண்டிகளில் காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்ஃப்ளாட் டயர் இருக்கும், அதுவும் பக்கச்சுவர் தடித்தது, கெட்டியாகத்தான் போகும்.

டயரைப் பார்க்கும்போது தேதியையும் பாருங்கள். பக்கச்சுவரில் DOT (டாட்) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம்: 3117 என்றால் 2017-இன் 31-ஆவது வாரம். நாங்கள் பார்த்ததில் நாலு டயரும் நாலு வருடம், நாலு கம்பெனி.

* * *

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை வண்டியைத் தாங்குகிற ஏர் சஸ்பென்ஷன் உள்ளவர்கள் யாரும் பேசவில்லையே, அடிபட்டவன் நான் பேசுகிறேன்.

பகலில் போய்ப் பார்த்தேன், சிங்கம் மாதிரி நிமிர்ந்து நின்றது, வாங்கினேன். மறுநாள் காலை வாசலில் பின்பக்கம் ஒரு மூலை உட்கார்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரசர் உறுமி ஒரு நிமிடத்தில் தூக்கிவிட்டது. சரியாகிவிட்டது என்று விட்டேன். அதுதான் தப்பு. காற்றடைத்த ரப்பர் பெல்லோ மடிகிற இடத்தில் வெடித்து, துளித்துளியாகக் காற்று கசிகிறது. அதை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடுகிறது. ஏழாவது மாதம் கம்ப்ரசரும் போனது. ஒரு பெல்லோவோடு முடிந்திருக்க வேண்டிய செலவு.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது: ராத்திரி முழுக்க நின்ற வண்டியை, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பாருங்கள். வீல் நடுவிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து நாலு மூலையும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் "தரை சரிவா இருக்கு சார்" என்பார்கள், வீல் நடுவிலிருந்து அளந்தால் அந்தச் சாக்கு அவ்வளவாக எடுபடாது. இடதும் வலதும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் சகஜம். எனக்கு 45 இருந்தது.

அதே காலைப் பொழுதில் எஞ்சினும் சில்லென்று இருக்கும். பானெட் மேல் கை வையுங்கள். "வர்றேன், ஸ்டார்ட் பண்ணாம வையுங்க" என்று முந்தின நாளே சொல்லியும் சூடாக இருந்தால், என்னைக் கேட்டால் அங்கேயே திரும்பிவிடலாம். கோல்ட் ஸ்டார்ட்டில் எஞ்சினுக்குள் செயின் சலசலப்பதும், கியர் டி-யில் விழ இரண்டு விநாடி யோசித்து "தடக்" என்று விழுவதும் சூடான பிறகு மறைந்துவிடும்.

சிலர் ஏர் சஸ்பென்ஷனைத் தூக்கிவிட்டு காயில் ஸ்பிரிங் போட்டு விற்கிறார்கள். ஓடும். ஆனால் எந்தச் சுகத்துக்காக அந்த வண்டியைத் தேடிப் போனோமோ அது அங்கே இருக்காது. சாவியைத் திருப்பியதும் சஸ்பென்ஷன் வார்னிங் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள்.

* * *

பழைய சிட்ரோயன் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வரி: 1955-இல் அவர்களின் டிஎஸ் மாடலில் வந்த எண்ணெய்-நைட்ரஜன் சஸ்பென்ஷனில் கதை தலைகீழ். உருண்டைக்குள் இருக்கும் நைட்ரஜன் குறையக் குறைய வண்டி ஆடாது, கட்டை வண்டியாகிவிடும்.

* * *

டிரைவர் வைத்து ஓட்டிய வண்டிகளைப் பற்றி. நான் ஒரு அலுவலகத்தில் இந்த மாதிரி வண்டிகளைப் பார்த்துக்கொண்டவன், விற்றும் இருக்கிறேன். கிமீ குறைவு என்று சந்தோஷப்படாதீர்கள். முதலாளி உள்ளே மீட்டிங்கில் இருப்பார், வெளியே ஏசி ஓட எஞ்சின் மூன்று மணி நேரம் நிற்கும். அது மீட்டரில் ஒரு கிமீ கூட ஏறாது. பல வண்டிகளில் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு ஸ்கேனரில் வரும். 80,000 கிமீ, 4,000 மணி என்றால் சராசரி 20 கிமீ வேகம்தான். அதே 80,000-ஐ நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி 1,500 மணிக்குள் முடித்திருக்கும். இரண்டும் ஒரே எஞ்சின் இல்லை. ஆயிலை கிமீ கணக்கில் மட்டும் மாற்றியிருந்தால் முதல் எஞ்சினின் ஆயில் எவ்வளவு நேரம் உழைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வண்டிகளில் தேய்மானத்தை ஸ்டியரிங்கிலும் பிரேக் பெடல் ரப்பரிலும் மட்டும் தேடாதீர்கள். பின்சீட்டில் ஒரு பக்கம் மட்டும் தோல் சுருங்கியிருக்கும், அந்தப் பக்கத்துக் கதவின் உள் கைப்பிடி மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும்.

ஸ்கேனர் போடும்போது கோளாறு கோட் இல்லை என்று நின்றுவிடாதீர்கள். வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் "ரெடினெஸ்" என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் பாதி "முடியவில்லை" என்று காட்டினால், சமீபத்தில் யாரோ கோட்களை அழித்திருக்கலாம், பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். நான் விற்ற காலத்தில் இதைப் பார்த்துக் கேட்டவர் ஒரே ஒருவர். அவரிடம் எதையும் மறைக்க முடியவில்லை.

சேசிஸ் நம்பரைப் போட்டு ரீகால் (கோளாறைச் சரிசெய்ய கம்பெனியே திரும்ப அழைப்பது) பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். டகாட்டா கம்பெனியின் ஏர்பேக் விவகாரத்தில் உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெக்கையிலும் ஈரத்திலும் கெட்டுப்போய், ஏர்பேக்கை ஊதும் இன்ஃப்ளேட்டர் வெடித்துச் சில்லு பறந்ததுதான் பிரச்சினை. வண்டி பழசாக ஆக ஆபத்து கூடும். மாற்றியாகிவிட்டதா என்பதை ஓனர் வாயால் கேட்காமல் நம்பரால் கேளுங்கள்.

* * *

கார்ப்பெட்டில் முஷ்டியால் அழுத்திப் பார்த்தீர்களா யாராவது? சன்ரூஃப் தண்ணீர் வடிய மூலைக்கு மூலை குழாய் உண்டு. தூசி அடைத்தால் தண்ணீர் தூண் வழியாக உள்ளே இறங்கி, தடித்த கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும். எனக்கு இரண்டு மாதம் கழித்துப் மோட்டார் வைத்த பின்சீட்டு தானாக நகர ஆரம்பித்தது. பேய் என்றாள் என் மகள். சீட்டுக்கு அடியில் இருந்த கன்ட்ரோல் பெட்டி தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. இப்போதெல்லாம் வண்டிக்குள் ஏறியதும் வாசனைத் திரவம் தூக்கலாக அடித்தால் கார்ப்பெட்டைத்தான் முதலில் அழுத்துகிறேன்.

* * *

முதலில் எழுதியவன்தான். எல்லோருக்கும் நன்றி, அந்த வண்டியையே வாங்கிவிட்டேன்.

காலை ஆறரைக்குப் போனேன், பானெட் சில்லென்று இருந்தது. கார்ப்பெட் காய்ந்திருந்தது. சுவரோரம் ஓட்டியதில் முன்பக்கம் ஒரு "டொக்" கேட்டது, லோயர் ஆர்ம் புஷ். ஓனரை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்தேன், நான் சொல்லித்தான் அவருக்கே அன்று அந்த ஆட்டம் தெரிந்தது. "நான் பின்னாடி உட்கார்ந்ததே இல்லையே தம்பி" என்றார். நாலு ஷாக்கும் புஷ்ஷும் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டார். மாற்றிய பிறகு வண்டி முன்னைவிடக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் போகிறது. இதுதான் அதன் உண்மையான நடை போலிருக்கிறது. எனக்குப் பழக நாலு நாள் ஆனது.

ஒரு தொல்லை மட்டும் பாக்கி இருந்தது. சத்தமே இல்லாத வண்டியில் "டிக்... டிக்..." என்று ஒன்று, இடதுபக்கம் திரும்பும்போது மட்டும். பத்து நாள் தேடினேன். டேஷ்போர்டைக் கழற்றலாம் என்றார் மெக்கானிக். கடைசியில் முன்சீட்டு ரெயிலுக்கு அடியில் கைவிட்டபோது ஒரு மூக்குக்கண்ணாடி கிடைத்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய ஓனர் அதைத் துடைத்து மாட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப பவர் மாறிடுச்சு தம்பி" என்றார்.