பீரோவில் வைக்கும் வாசனைப் பை: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

காவேரிக்கரை
மாமியார் தவறிய பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியை நாத்தனாரும் நானும் திறந்தோம். கூறைப்புடவை மடிப்புக்குள் ஒரு சின்ன முடிச்சு, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியது. உள்ளே காய்ந்து பழுப்பேறிய மகிழம்பூ. பல வருஷம் யாரும் தொடாத பெட்டி அது, ஆனால் முடிச்சை அவிழ்த்ததும் அறை முழுக்க மணந்தது. நாத்தனார் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். பூவோடு வெட்டிவேர், கிராம்பு, அப்புறம் வில்லை வில்லையாக நறுக்கிக் காயவைத்த ஏதோ ஒரு கிழங்கு. முகர்ந்தால் லேசாகக் கற்பூர வாடை. அது என்னவென்று யாருக்காவது தெரியுமா? அதே மாதிரி ஒன்று கட்டிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

வடசென்னைப் பொண்ணு
பூலாங்கிழங்காக இருக்கும். என் கதையும் மகிழம்பூதான். திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் தலமரமே மகிழம். சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்துகொடுத்த மரம் என்பார்கள். காலையில் கீழே உதிர்ந்து கிடந்ததை மடியில் கட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். ஒரு பாட்டி ஓடிவந்து கையைப் பிடித்தார். “கழுவாதடி, தண்ணி பட்டா அழுகிடும். மண்ணை ஊதிட்டு நிழல்ல போடு.” அந்தப் பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவரை மறுபடி நான் பார்க்கவே இல்லை.

மதுரை மீனா
எல்லோரும் மகிழம்பூ என்கிறீர்கள், எங்கள் ஊரில் மல்லிதானே கொட்டிக் கிடக்கிறது! சொந்தக்காரர் கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு அழகான சுருக்குப் பை ஒன்று கொடுத்தார்கள், உள்ளே காய்ந்த மல்லி. ஆசையாக மூக்கில் வைத்தால் வைக்கோல் வாடை. அந்த வீட்டம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “ரொம்ப நல்லாயிருக்கு அக்கா” என்றேன், அவர் கண் கலங்கிவிட்டது. மல்லி மணம் பூ விரியும்போது வருவது. காய்ந்தால் போச்சு. பன்னீர் ரோஜாவும் மரிக்கொழுந்தும் அப்படியில்லை, சருகானாலும் மணம் நிற்கும்.

நெசவுக்காரர் மகள்
பூலாங்கிழங்கு என்று அடித்துச் சொல்ல முடியாது, கிச்சிலிக்கிழங்காகவும் இருக்கலாம். நாட்டு மருந்துக்கடையில் இந்த இரண்டு பெயரும் கடைக்குக் கடை மாறும். முடிச்சில் இருந்ததில் ஒரு வில்லையை எடுத்துப் போய், முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

என் அனுபவம் சின்னதுதான். அத்தை பட்டுப்புடவைக்குள் தாழம்பூ மடலை அப்படியே வைப்பார். ஒரு ஆடியில் பிரித்தால் முந்தானையில் மடல் அளவுக்குப் பழுப்புக் கறை, சரிகை மேலேயே.

அதனால் சொல்கிறேன், எதையும் பச்சையாக வைக்காதீர்கள். விரலில் நசுக்கினால் மொறமொறவென்று பொடியாக வேண்டும். மெத்தென்று இருந்தால் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். மாடி வெயிலில் காயப்போட்டால் மணமும் நிறமும் சேர்ந்து போய்விடும், நிழலும் காற்றும் போதும். ஐப்பசி மழையில் இந்த வேலையே வேண்டாம், பங்குனி சித்திரையில் செய்யுங்கள். பூவின் மணம் சீக்கிரம் பறக்கும், வெட்டிவேர் மணம் மெதுவாகத்தான் போகும். ஆகவே வேரைத் தாராளமாகப் போடுங்கள். பூச்சிக்கு வசம்பைத் தட்டிப் போடலாம், கொஞ்சமாக, இல்லாவிட்டால் அதன் நெடியே மேலே நிற்கும். மணம் குறைந்தால் அத்தர் ஊற்றுகிறார்களே, பட்டுப்புடவை பக்கத்தில் அது கூடவே கூடாது, எண்ணெய்க் கறை போகாது. பையைக் கையில் கசக்கிவிட்டாலே மணம் திரும்பும். துணி பழைய பருத்தியாக இருக்கட்டும், பாலியஸ்டர் வேண்டாம். புடவை மேல் வைக்காமல் தட்டின் ஓரத்தில் வையுங்கள்.

வடசென்னைப் பொண்ணு
நாங்கள் வாங்கும் கிச்சிலியில் அந்தக் கற்பூர வாடை தெரிவதில்லையே? எங்கள் வீட்டில் குளியல் பொடிக்கு இரண்டையும்தான் அரைக்கிறோம். காவேரிக்கரை அக்கா, அந்த வில்லை உள்ளே வெள்ளையா மஞ்சளா, பார்த்துச் சொல்லுங்கள்.