அக்கா வீட்டுக்காரர் இறந்துவிட்டார், பிள்ளைகளுக்கு ஏதாவது அரசு உதவி உண்டா?

திண்டிவனத்தான்:
அக்கா வீட்டுக்காரர் பெயிண்டர். போன வருஷம் இறந்துவிட்டார். பையன் 9ஆம் வகுப்பு, பெண் 4ஆம் வகுப்பு, இரண்டு பேரும் அரசுப் பள்ளிதான். அக்கா வீட்டுவேலைக்குப் போகிறாள். வருவது வாடகைக்கும் அரிசி பருப்புக்குமே சரியாகப் போய்விடுகிறது. பெரியவர்கள் எல்லாம் "பையனை ஏதாவது ஹோமில் சேர்த்துவிடு, சாப்பாடும் படிப்பும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்கிறார்கள், அக்காவுக்கு மனசில்லை. விஏஓ ஆபீஸில் கேட்டதற்கு விதவை உதவித்தொகைக்கு எழுதிப் போடுங்கள் என்றார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கென்று தனியாக ஒன்றுமே இல்லையா?

வேப்பமரம்:
ஹோம் பேச்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள் தம்பி. வறுமைக்காகப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கக் கூடாது என்பதற்காகவே ஒரு திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஸ்பான்சர்ஷிப் என்பார்கள், தமிழில் நிதி ஆதரவுத் திட்டம். ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர் பிள்ளைகள் எல்லாம் இதில் வருவார்கள். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

இதற்கு விஏஓவிடம் போய் நிற்க வேண்டாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது, நேராக அங்கே போகச் சொல்லுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், இறப்புச் சான்று, வருமானச் சான்று, படிப்புச் சான்று, பிள்ளை பெயரில் பாஸ்புக். வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார்கள், அப்புறம் கமிட்டியில் வைப்பார்கள். மனு கொடுத்த மறுமாதமே பணம் வரும் என்று நினைக்காதீர்கள். பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினால் தொகையும் நின்றுவிடும், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

கரடுமுரடு:
எல்லாம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கும். என் தங்கைக்கு வருமானச் சான்று வாங்கவே நடையாய் நடந்தோம், சும்மா இருக்கிறவளுக்கு இவ்வளவு வருமானம் எப்படி என்று எழுதியவருக்கே தெரியவில்லை. அதிக நம்பிக்கை வைக்காமல் போங்கள். ஆனால் போங்கள். ஆபீஸில் கொடுக்கிற எல்லாத் தாளுக்கும் ஜெராக்ஸ் எடுத்து, மனுவுக்கு ரசீது கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும்படி அக்காவிடம் சொல்லுங்கள்.

சாக்பீஸ்:
நான் அரசுப் பள்ளி ஆசிரியை. மாமா எப்படி இறந்தார் என்று நீங்கள் சொல்லவே இல்லையே? விபத்து என்றால் கணக்கே வேறு. சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்தால், அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கிற பிள்ளைக்கு 75,000 ரூபாய் உண்டு. ரொக்கமாகக் கையில் தரமாட்டார்கள், பிள்ளை பெயரில் டெபாசிட்டாகப் போடுவார்கள். தலைமை ஆசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். பல பள்ளிகளில் யாராவது கேட்டால்தான் எடுத்துப் பார்ப்பார்கள், எங்கள் பள்ளியும் அப்படித்தான்.

இன்னொன்று, பையன் எப்படி இருக்கிறான்? அந்த வயதுப் பையன்கள் அழமாட்டார்கள், லீவு போடுவார்கள். கேட்டரிங் வேலைக்குப் போய் முன்னூறு நானூறு ரூபாயைப் பார்த்துவிட்டால் பிறகு வகுப்புக்கு இழுத்து வருவது பெரும்பாடு. வகுப்பாசிரியரிடம் அக்காவோ நீங்களோ ஒருமுறை நேரில் பேசுங்கள்.

திண்டிவனத்தான்:
மேடம், சாரத்திலிருந்து விழுந்துதான் இறந்தார். மேஸ்திரி செலவுக்குக் கொஞ்சம் கொடுத்தார், அதோடு விட்டுவிட்டோம். நலவாரியத்தில் அவர் பதிவு செய்யவும் இல்லை. பையன் நீங்கள் சொன்ன மாதிரியேதான், திங்கட்கிழமை ஆனால் வயிற்றுவலி என்கிறான்.

வேப்பமரம்:
அடப்பாவமே, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. வேலை செய்கிற இடத்தில் விபத்தில் இறந்தால், வாரியத்தில் பதியாத கட்டுமானத் தொழிலாளி குடும்பத்துக்கும் நிவாரணம் உண்டு, பெயிண்டரும் அதில் சேர்த்திதான். தொழிலாளர் நல அலுவலகத்தில் கேளுங்கள். போலீஸில் பதிவாகியிருக்கிறதா? எஃப்.ஐ.ஆர். நகலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கையில் இருக்கிறதா? மேடம் சொன்ன 75,000க்கும் அதே காகிதங்கள்தான் கேட்பார்கள்.

திண்டிவனத்தான்:
எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், நகல் எங்கே வைத்தோம் என்று அக்காவுக்கே தெரியவில்லை.

கரடுமுரடு:
தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், வருஷம், எண் போட்டால் எடுக்கலாம். எண் தெரியாவிட்டால் ஸ்டேஷனுக்கே போய்க் கேளுங்கள். அக்காவைத் தனியாக அனுப்பாதீர்கள், கூட நீங்களும் போங்கள்.