நிலவின் ‘எக்ஸ்’ வகைத் தோற்றங்களுக்குப் பொதுப்பெயர்: நிழலுருவா, சாய்வொளிக் கோலமா?

> நிலவில் சில மணி நேரமே எழுத்துப்போல் துலங்கும் எக்ஸ், வி, இருட்டுப்பக்கத்தில் வளைவாக ஒளிரும் ஜூரா மலையின் பொற்பிடி எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘நிழலுரு’ என்று வைத்துவிடலாமே? சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான் ஐயா, பொருந்தவில்லை. எக்ஸில் நாம் பார்ப்பது நிழலை அல்ல, வெயிலை. பிளாங்கினஸ், லா கையே, பூர்பாக் என்னும் மூன்று கிண்ணக்குழிகளின் மதில்கள் கூடும் இடத்தில் உச்சிக்கு மட்டும் வெயில் எட்டுகிறது, தரை இருளில் கிடக்கிறது.

நிலவில் நேர்கோடாகத் தெரியும் ரூப்பெஸ் ரெக்டா என்னும் சரிவு இன்னும் வம்பானது. சுமார் 110 கி.மீ. நீளமுள்ள அந்தச் சரிவு மேற்கு நோக்கி இறங்குகிறது. வளர்பிறை அரைநிலவுக்கு மறுநாள் வெயில் கிழக்கிலிருந்து விழுவதால் கறுப்புக்கோடு. தேய்பிறை அரைநிலவுக்குச் சற்று முன் அதே இடம் வெள்ளைக்கோடு. நிழலுரு என்றால் இதில் பாதிதான் அடங்கும்.

> அப்படியானால் ‘விளிம்பொளி’?

விளிம்பு என்றால் நிலாவட்டின் ஓரம் என்று ஏற்கெனவே புழங்குகிறோம். தொடக்கநிலையாளர் தொலைநோக்கியை அங்கே திருப்பிவிடுவார். ‘எல்லையொளி’யும் முழுக்கச் சரியில்லை; எக்ஸ், நிலவில் பகலும் இரவும் பிரியும் எல்லைக்கோட்டைத் தாண்டி இருட்டுப்பக்கத்தில் தனியே மிதக்கும். ‘ஒளிமாயை’ வேண்டவே வேண்டாம், மதில்கள் மெய்யானவை.

‘சாய்வொளிக் கோலம்’ என்று முன்மொழிகிறேன். காரணம் பெயரிலேயே இருக்கிறது: ஒளி சாய்ந்து விழும் நேரத்தில்தான் கோலம். ஹெசியோடஸ் குழியின் மதில் இடைவெளி வழியே தரையில் நீளும் ஒளிக்கீற்றும் இதில் அடங்கும்.

> ஏற்கிறேன். ஆனால் நேரம் கணிக்க உதவும் ‘கோலாஞ்சிட்யூட்’? ‘துணைநெட்டாங்கு’ என்று ஒரு பட்டியலில் பார்த்தேன்.

எதற்குத் துணை என்று அது சொல்வதில்லை. நிலவில் சூரியன் உதிக்கும் கோடு எந்த மேற்கு நெட்டாங்கில் (தீர்க்கரேகையில்) இருக்கிறது என்பதே அந்த அளவு. ‘விடிகோட்டு நெட்டாங்கு’ போதும். வளர்பிறை அரைநிலவில் 0°, முழுநிலவில் 90°. மணிக்கு ஏறத்தாழ அரை பாகை கூடும். எக்ஸ் துலங்குவது 358° அளவில், அதாவது அரைநிலவுக்குச் சில மணி நேரம் முன்பு. சுமார் 4 மணி நேரமே ஒளிக்கும் இருளுக்கும் நல்ல வேறுபாடு இருக்கும். சரியாக அரைநிலவு நேரத்தில் தேடுவோர் கோட்டைவிடுவது இதனால்தான்: சுற்றுத்தரையும் வெளுத்து, எக்ஸ் அதில் கரைந்துபோகும். பிறைச்சுற்று 29.5 நாள் என்பதால், இம்மாதம் இரவில் வாய்த்தது அடுத்த மாதம் பெரும்பாலும் பகலில் போய் விழும்.

கலைச்சொல் பதிவுக்கான வரைவு:

சாய்வொளிக் கோலம் (பெ.): சூரியன் நிலவில் அவ்விடத்து அடிவானத்தை ஒட்டி நிற்கையில் அங்குள்ள மேடுபள்ளங்களில் சில மணி நேரம் தோன்றும் ஒளி அல்லது நிழல் வடிவம். 80 மி.மீ. தொலைநோக்கியில் 80 மடங்கு பெரிதாக்கினால் எக்ஸ் தெளிவாகத் தெரியும். உக்கெர்ட் குழி அருகே உள்ள வி, நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் தலைகீழாகத் தெரியும். மூலைக்கண்ணாடி பொருத்திய வில்லைத் தொலைநோக்கியில் இடம் வலம் மாறும்.