மண்டபத்தில் பையன் எடுத்த சங்கு உயிரோட இருந்தது. நிஜமாவே ஆபத்தா?

மதுரைக்காரன்:

போன வாரம் குடும்பத்தோட ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊருக்குப் போயிருந்தோம். காலையில கடல் நல்லா வத்திக் கிடந்தது, முழங்கால் தண்ணியில பாறை ஓரமா நடந்தோம். என் பையனுக்கு ஒன்பது வயசு. விரல் நீளத்துக்கு ஒரு கூம்புச் சங்கை எடுத்து டவுசர் பாக்கெட்ல போட்டுக்கிட்டான். வெள்ளை மேல பழுப்புக் கோடு, குட்டிக் குட்டிக் கூடாரம் வரிசையா அடிச்ச மாதிரி, அவ்வளவு அழகு. நானும் ஒண்ணும் சொல்லல. லாட்ஜுக்கு வந்து குளியல் மக்குல கடல் தண்ணி ஊத்திப் போட்டோம்.

கால் மணி நேரம் கழிச்சுக் குறுகின பக்கத்துல இருந்து ஒரு குழல் மெதுவா வெளிய வந்தது. நுனியில சிவப்பும் கறுப்புமா இருந்தது. பையன் விரலை நீட்டினான். அறை கூட்ட வந்த அக்கா அதைப் பார்த்துட்டு "ஐயோ, கையை எடு தம்பி!"ன்னு கத்தி, துடைப்பத்தைப் போட்டுட்டு மக்கையே தூக்கிட்டுக் கடலுக்கு ஓடிட்டாங்க. அவங்க கடல் பாசி எடுக்கப் போறவங்களாம்.

அந்த அக்கா பயந்தது நியாயமா, இல்ல ஊர்ப் பேச்சா? அகலமான பக்கமாப் பிடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு என் மச்சான் சொல்றான். இந்த மாதிரி ஏதாவது குத்திட்டா ஐஸா, சுடுதண்ணியா?

சங்குகுளி_58:

தம்பி, முதல்ல அந்த அக்காவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுங்க.

நான் தூத்துக்குடியில 26 வருசம் சங்கு குளிச்சவன். நீங்க சொல்ற கூடாரக் கோடு டெக்ஸ்டைல் கோன், விசமுள்ள கூம்புச் சங்கு. அதோட அண்ணன் ஜியாகிராஃபி கோன், இன்னும் மோசம். 1935ல ஆஸ்திரேலியாவுல ஹேமன் தீவுல அதைக் கையில வச்சிருந்த ஒருத்தர் சில மணி நேரத்துல போய்ச் சேர்ந்துட்டார். விச முறிவு மருந்து இன்னைக்கு வரைக்கும் கிடையாது.

நீங்க பார்த்த குழல் அது தண்ணி இழுத்து மோப்பம் பிடிக்கிற குழல். குத்துறது அது இல்ல. அதுக்குக் கீழ இன்னொண்ணு வரும், மெல்லிசா, புழு மாதிரி. அந்த முனையில ஒரு பல் இருக்கும். பல்லுன்னா கடிக்கிற பல் இல்ல, உள்ள துவாரம் உள்ள ஈட்டி, ஊசி போடுற மாதிரி. ஒரு குத்துக்கு ஒரு பல், அதோட முடிஞ்சது. ஆனா உள்ள பையில அடுத்தடுத்த பல் தயாரா கிடக்கும்.

உங்க மச்சான் சொல்றது நானும் சின்ன வயசுல நம்பின கதைதான். அந்தக் குழல் நீளும், வளையும், ஓட்டோட எந்தப் பக்கத்துக்கும் வரும். அகலப் பக்கம் பிடிச்சவன் விரலும் அதுக்கு எட்டும். பாக்கெட் துணியும் அதுக்கு ஒரு பொருட்டு இல்ல. பையன் தொடையை நினைச்சுப் பாருங்க.

எங்கப்பா எனக்கு முதல் நாள் படகுல சொன்னது: "ஓடுறதைப் பிடி, ஓடாததைத் தொடாத." மீனு, நண்டு, இறால் எல்லாம் நம்மளைக் கண்டா ஓடும். கல்மீன் ஓடாது. கோன் சங்கு ஓடாது. விசிறி மாதிரி துடுப்பை விரிச்சுக்கிட்டு நிக்கிற சிங்கமீனும் ஓடாது. "நாம எடுக்கிற சங்கும் ஓடாதேப்பா"ன்னு கேட்டேன். "அதுக்கு வெலை இருக்குல"ன்னார். அதுக்கு மேல பதில் இல்ல.

ஆனா எனக்கு அடிபட்டது அப்பா சொன்ன பட்டியல்ல இல்லாதது. கரையில இருந்து இருபது அடி, இடுப்பளவு தண்ணி, கலங்கல். காலைத் தூக்கி வச்சேன், திருக்கை மேல வச்சிட்டேன். மணலுக்குள்ள புதைஞ்சு கிடந்திருக்கு. வால் சொடுக்கினது கணுக்காலுக்கு மேல. முள்ளுல ரம்பம் மாதிரி பல் உண்டு, போறப்ப விட வெளிய வர்றப்பதான் கிழிக்கும். வலின்னா சாதா வலி இல்ல, எலும்பைப் பிடிச்சுத் திருகுற மாதிரி இடுப்பு வரைக்கும் ஏறுச்சு. கொண்டு போன இடத்துல ஐஸ் வச்சாங்க. ஒரு மணி நேரம் அலறினேன். அப்புறம் எங்க மாமா டீக்கடையில இருந்து ஒரு பக்கெட் வெந்நீர் வாங்கிட்டு வந்து காலை முக்கச் சொன்னார். பத்து நிமிசத்துல பேச்சு வந்தது எனக்கு.

அதுல இருந்து தண்ணிக்குள்ள நடந்தா காலைத் தூக்க மாட்டேன், மணல்ல தேய்ச்சுக்கிட்டே போவேன். முன்னாடி அதிர்வு போனா திருக்கை தானா விலகிடும். பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுங்க.

கடற்கரை_ரன்னர்:

எதுக்கு இவ்வளவு பெரிய கதை? ஒரு பாட்டில் வினிகர் கையில வச்சிருந்தா போதும். எல்லா கடல் விஷத்துக்கும் அதான் மருந்து.

நைட்டூட்டி:

இல்லைங்க, எல்லாத்துக்கும் வினிகர் இல்ல. நான் கடலோர ஊர்ல அவசரப் பிரிவு நர்ஸ், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

வினிகர் பேச்சு வந்தது பெட்டி ஜெல்லிங்கிற விஷ ஜெல்லி மீனுக்காக. தோல்ல ஒட்டியிருக்கிற, இன்னும் வெடிக்காத கொட்டும் செல்களை அது நிறுத்தும். மெரினாவுல நீல பலூன் மாதிரி ஒதுங்குதே, அதுக்கு ஆஸ்திரேலியாவுல வினிகர் வேண்டாம்னுதான் சொல்றாங்க. கடல் தண்ணியில கழுவி, தாங்குற சூட்டுல வெந்நீர். எந்த ஜெல்லி மீன் பட்டாலும் மணல் போட்டுத் தேய்க்காதீங்க, நல்ல தண்ணியில கழுவாதீங்க, சிறுநீர் வைத்தியம் வேண்டவே வேண்டாம். மூணுமே மிச்சமிருக்கிற செல்லையும் வெடிக்க வைக்கலாம்.

முள் குத்துறது வேற. திருக்கை, கல்மீன், சிங்கமீன், கெளுத்தி, ஓரா, எல்லாத்துக்கும் அண்ணாச்சியோட டீக்கடை பக்கெட்தான். இந்த விஷம் சூட்டுக்குத் தாங்காது. 45 டிகிரி அளவு, அரை மணியில இருந்து ஒன்றரை மணி நேரம். ஒரு எச்சரிக்கை: குத்துப்பட்ட காலை வச்சு சூடு பார்க்காதீங்க, அது மரத்திருக்கும். குத்தாத கையை விட்டுப் பாருங்க. வலியைப் போக்க கொதிக்கிற தண்ணியில முக்கி, தோல் வெந்து வந்தவங்களுக்கு நானே கட்டுப் போட்டிருக்கேன். வலி போனாலும் ஆஸ்பத்திரிக்கு வாங்க, உள்ள முள் துண்டு நிக்கும், டெட்டனஸ் ஊசியும் வேணும். மார்புலயோ வயித்துலயோ குத்தி முள் நின்னா பிடுங்கவே கூடாது, அப்படியே கொண்டு வாங்க. டிவியில முதலை பிடிச்சுக் காட்டின ஆஸ்திரேலியாக்காரர் ஸ்டீவ் இர்வின் 2006ல இறந்தது திருக்கை மார்புல குத்தித்தான்.

செத்த மீன் முள்ளுலயும் விஷம் இருக்கும். எங்ககிட்ட வர்றதுல பாதிப் பேர் கடலுக்கே போகாதவங்க, கெளுத்தி ஆயறப்ப குத்திக்கிட்ட வீட்டுப் பொம்பளைங்க.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் வலிக்காதவங்களைப் பார்த்தாதான். வலை உதறுறப்ப கடல் பாம்பு கடிச்சிருக்கும், சின்ன பல் தடம், வீக்கமே இருக்காது. "ஒண்ணுமில்ல சிஸ்டர், சும்மா காட்டிட்டுப் போக வந்தேன்"பாங்க. சில மணி நேரம் கழிச்சு உடம்பெல்லாம் தசை வலி, கண் இமை தூக்க முடியாது, சிறுநீர் கறுப்பு காபி நிறத்துல போகும். தசை அழிஞ்சு கிட்னியில அடைக்குது. நம்ம ஊர் பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்குத்தான். கடல் பாம்புக்கு அது உதவாது. அதனால டயாலிசிஸும் வென்டிலேட்டரும் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. கோன் சங்குக்கும் இதேதான். கடிபட்ட கையை அசைக்காம, அகலத் துணியால இறுக்கமாச் சுத்தி, கட்டை வச்சுக் கட்டி, 108க்குக் கூப்பிடுங்க. வெந்நீரை நம்பி உட்கார்ந்திருக்காதீங்க, மூச்சைப் பாருங்க.

ஹேவ்லாக்_டைவர்:

அந்தமான்ல டைவ் கத்துக் கொடுக்கிறேன். எங்க கடையில வர்றவங்களுக்குக் கையுறை கொடுக்கிறதில்ல. எல்லாரும் "பாதுகாப்புக்குத்தானே"ன்னு சண்டை போடுவாங்க. கையுறை மாட்டினவன் கை சும்மா இருக்காது, தொட்டே தீருவான்.

இப்ப இன்னொரு தொல்லை வீடியோ. நீல வளைய ஆக்டோபஸை உள்ளங்கையில வச்சுப் படம் எடுக்கிறாங்க. கோல்ஃப் பந்து அளவுதான். அது சும்மா இருக்கிறப்ப பழுப்பா இருக்கும், வளையம் பளிச்சுன்னு நீலமாத் தெரியுதுன்னா கோபத்துல இருக்குன்னு அர்த்தம். ஆக, படம் நல்லா வர்ற நேரம்தான் கடிக்கிற நேரம். 1954ல டார்வின் பக்கத்துல ஒரு டைவர் விளையாட்டா தோள்ல ஏற விட்டார், அன்னைக்கே இறந்துட்டார். நம்ம பேத்தை மீன்ல இருக்கிற அதே விஷம். ஆளுக்கு நினைவு இருக்கும், காது கேட்கும், மூச்சு மட்டும் வராது. முறிவு மருந்து இல்ல, ஆனா ஆஸ்பத்திரி போற வரைக்கும் யாராவது விடாம வாயில ஊதிக்கிட்டே இருந்தா பிழைக்க வாய்ப்பு உண்டு.

மதுரைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. அக்காவுக்குச் சேலை அனுப்ப லாட்ஜுக்குப் போன் போட்டேன், "எதுக்கு சார், மக்கு ஒண்ணு வாங்கிக் கொடுங்க, கடல்லயே போயிடுச்சு"ன்னாங்க. ரெண்டும் அனுப்பறேன்.

நேத்து பையனோட ஸ்கூல் பையைக் கவிழ்த்தேன். இன்னும் ரெண்டு சங்கு இருந்தது. காலிதான் போல, உள்ள டார்ச் அடிச்சுப் பார்த்துட்டேன்.

சங்குகுளி_58:

டார்ச் அடிச்சா உள்ள போய் ஒளிஞ்சுக்கும் தம்பி. மூக்குல வச்சும் பார்க்காதீங்க. எடுத்து ஒரு வாரம் ஆச்சு, நாத்தம் பை முழுக்க வந்திருக்கணுமே, வந்துச்சா?

மதுரைக்காரன்:

வரல அண்ணாச்சி. டிபன் பாக்ஸ் நாத்தம் மட்டும்தான்.