சீரத்தைக் குறைத்ததும் வீரோ செல்கள் ஒட்டாமல் மிதக்கின்றன, மீடியாவில் என்ன சேர்க்கலாம்?

பிளாஸ்க்பித்தன்:
வீரோ செல்களை (குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த ஆய்வகச் செல்கள்) டி.எம்.இ.எம். என்ற வளர்ப்பு மீடியாவில் 10 சதவீதம் எஃப்.பி.எஸ். (பசுவின் கருவிலிருந்து எடுக்கும் சீரம்) விட்டு வளர்த்து வருகிறேன், இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. சீரம் விற்கிற விலைக்கு இனி 2 சதவீதத்தில் ஓட்டிப் பார் என்று மேடம் சொல்லிவிட்டார். ஒட்டியிருக்கும் செல்களை டிரிப்சின் என்ற நொதியைப் போட்டுப் பெயர்த்து, அப்படியே மூன்று மடங்கு புது மீடியாவில் கலந்து ஃபிளாஸ்க்கில் விட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் உருண்டு மிதக்கின்றன. மீடியா நிறம் நல்ல சிவப்புதான், அமிலமாகி மஞ்சளாகவில்லை. மூன்று முறை இதே கதை. அமினோ அமிலம், வைட்டமின் ஏதாவது கூட்ட வேண்டுமா?

பழையலென்ஸ்:
ஒன்றும் கூட்டாதீர்கள். நீங்கள் எழுதியதில் சென்ட்ரிஃபியூஜ் (வேகமாகச் சுற்றி செல்களை அடியில் படியவைக்கும் கருவி) என்ற சொல்லே இல்லையே! சீரத்தில் டிரிப்சினை அடக்கும் புரதங்கள் உண்டு, 10 சதவீதத்தில் அவை சத்தமில்லாமல் வேலையை முடித்துவிடும், 2 சதவீதத்தில் திணறும். மிச்ச டிரிப்சின் ராத்திரி முழுக்கச் செல்லைப் பெயர்த்துக்கொண்டே இருந்திருக்கும். 10 சதவீத மீடியாவால் நிறுத்தி, 200 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல 200 மடங்கு விசை) 5 நிமிடம் சுற்றி, மேல்நீரை ஊற்றிவிட்டு 2 சதவீதத்தில் கலக்குங்கள். சீரமே வேண்டாமென்றால் சோயா டிரிப்சின் தடுப்பான் இருக்கிறது.

மீடியாக்காரி:
பாட்டில் திறந்து எத்தனை நாள் தம்பி? ஒவ்வொரு முறையும் முழு பாட்டிலையும் 37 டிகிரியில் வைத்தால் அதிலுள்ள குளுட்டமின் என்ற அமினோ அமிலம் தானாகவே உடைந்து அமோனியா சேரும், நிறத்தைப் பார்த்து அது தெரியாது. பழையதில் மேலும் குளுட்டமின் கொட்டினாலும் சேர்ந்த அமோனியா எங்கும் போகாது. குளுட்டமின் இல்லாத மீடியா வாங்கி, 200 மில்லிமோலார் கரைசலை 500 மில்லிக்கு 10 மில்லி விட்டால் 4 மில்லிமோலார் வரும். அப்புறம், 10-இலிருந்து நேராக 2-க்குக் குதிக்காதீர்கள். 5, 2.5 என்று இரண்டிரண்டு பாசேஜ் (செல்களைப் பெயர்த்துப் புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றும் சுற்று) கொடுத்து இறங்குங்கள். அங்கேயும் வளர்ச்சி நொண்டினால் இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம் மூன்றும் சேர்ந்த கலவையை விட்டுப் பாருங்கள், அதற்கு முன் வேண்டாம்.

பிளாஸ்க்பித்தன்:
பாட்டில் திறந்து ஏழு வாரம் அக்கா, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பழையலென்ஸ் சார் சொன்னபடி சுற்றியெடுத்து, வேண்டுமென்றே அதே பழைய மீடியாவில் 2 சதவீதத்தில் விட்டேன். காலையில் எல்லாம் ஒட்டியிருந்தன! ஆனால் நான்காம் நாளும் ஃபிளாஸ்க் பாதிகூட நிரம்பவில்லை. புது பாட்டில் நாளை வருகிறது, 5 சதவீதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.