எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழு: தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹாக்கர் ஊருக்கு வந்துவிட்டோம்

அம்மா: மூன்று நாளாக ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது. எங்கே இருக்கிறீர்கள் இரண்டு பேரும்?

நான்: இப்போதுதான் ஹாக்கர் வந்தோம் அம்மா. நலம். ட்ரெசோனா முகாமில் சிக்னல் அறவே கிடையாது. கிளம்பும்போதே சொன்னேனே.

அம்மா: சொன்னாய். சொன்னால் கவலை போய்விடுமா?

மாமா: ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் ஜூலைக் குளிர் எப்படி?

தம்பி: விடியற்காலையில் வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு ஏடு மாமா. பகலில் டி-ஷர்ட் போதும்.

சித்தி: ஓடையோரம் டென்ட் என்றாயே, பாம்பு ஏதும் இல்லையே?

நான்: இந்தக் குளிரில் அவை வெளியே வருவது அபூர்வம் சித்தி. எங்களை மிரட்டியது மரம்தான். பெரிய ரிவர் ரெட் கம், அதாவது ஒரு யூகலிப்டஸ் மரம், நல்ல நிழல் என்று அதன் அடியிலேயே டென்ட் அடித்துவிட்டோம். பக்கத்து டென்ட் தாத்தா வந்து பேசாமல் மேலே கை காட்டினார். காற்றே இல்லாதபோதும் இந்த மரம் கிளையை உதிர்க்குமாம். கீழே ஏற்கெனவே ஒன்று கிடந்தது, என் இடுப்புப் பருமன். எல்லா ஆணியையும் பிடுங்கி வெட்டவெளிக்குப் போனோம்.

அம்மா: அந்தப் பெரியவர் நன்றாக இருக்கட்டும்.

தம்பி: ஆணி நான்கு வளைந்துபோனதை அக்கா சொல்ல மாட்டாள்.

மாமா: செயிண்ட் மேரி சிகரம் ஏறினீர்களா? 1,171 மீட்டர் என்று படித்தேன்.

நான்: டாண்டெரா சேடில் வரை, உச்சிக்குக் கீழே முகடு தாழ்ந்திருக்கும் இடம். அதற்கே கையை ஊன்றிப் பாறை ஏற வேண்டியிருந்தது. அங்கிருந்து மலைகள் சூழ்ந்த வில்பீனா பவுண்ட் பள்ளம் முழுக்கக் கிண்ணம் மாதிரி தெரிந்தது. திரும்பிவிட்டோம்.

மாமா: அடிலெய்டிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போய், உச்சிக்குப் பக்கத்தில் போய்த் திரும்புவார்களா? கால் வலியா?

நான்: இந்த மண்ணின் பூர்வகுடிகளான அட்னியமத்தனா மக்கள் உச்சிக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள் மாமா. பவுண்டைச் சுற்றியுள்ள மலைச்சுவர் இரண்டு அகுர்ரா பாம்புகளின் உடல், அந்தச் சிகரம் ஒன்றின் தலை என்பது அவர்கள் கதை. சட்டப்படி தடை இல்லை.

மாமா: தடை இல்லை என்றால் ஏறியிருக்கலாமே.

தம்பி: நானும் அதையேதான் சொன்னேன். சேடிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே சண்டை போட்டோம்.

சித்தி: ஏன் அண்ணா, நம் குலதெய்வக் கோயிலில் சட்டையைக் கழற்றச் சொல்லிப் போலீஸா நிற்கிறது?

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாமா: சரி, வேறு என்ன பார்த்தீர்கள்?

நான்: பிராக்கினா பள்ளத்தாக்கில் மஞ்சள்கால் வாலபி இரண்டு, குட்டிக் கங்காரு மாதிரி. வாலில் வளையம் வளையமாகக் கோடு, சரிவில் நின்றால் பாறையோடு பாறை. அப்புறம் எனோரமா ஓடையில் பாறையில் பதித்த சின்ன உலோக வட்டு. பூமி வரலாற்றில் எடியாக்கரன் காலம் என்கிற கட்டம் இந்தப் பாறை அடுக்கில்தான் தொடங்குகிறது என்று 2004இல் உலகத்துக்கே குறித்த இடம். 63.5 கோடி ஆண்டுக்கு முன்னால்!

தம்பி: அதைத் தடவிக்கொண்டே அரை மணி நேரம் நின்றாள். சோறு ஆறிப்போனது.

அம்மா: இன்றைக்கே வீடு வந்துவிடுவீர்களா?

நான்: இல்லை அம்மா, இப்போதே மூன்றரை. இருட்டும் நேரத்தில் கங்காருவும் ஈமுவும் ரோட்டுக்கு வரும். வழியில் குவார்ன் ஊரில் தங்கிக் காலையில் கிளம்புகிறோம்.

அம்மா: அதுதான் சரி. ரூம் கிடைத்ததும் எழுது.

மாமா: வழியில் கன்யாக்கா என்கிற பழைய ஆட்டுப் பண்ணையின் இடிபாடு வரும், நிறுத்திப் பாருங்கள். அதிலாவது ஏறலாமா?

சித்தி: அண்ணா!